கம்ப்ரசர் புதுசு, ஆயில் எது?

பி.காம். படிக்கிற பயலுக்கும் கார் ஏசி கம்ப்ரசருக்கும் என்னடா சம்பந்தம்னு கடைசி பெஞ்ச் மக்கள் கேக்கறது இங்கேயே காதுல விழுது. சம்பந்தம் இருக்கு சாமிகளா. எங்க மாமா (அம்மாவோட தம்பி) புதுக்கோட்டையில ஒரே ஒரு டூரிஸ்ட் கார் வச்சு ஓட்டுறார். அந்த ஒரு வண்டிதான் அவர் வீட்டு அடுப்பு, அவர் பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ், அப்பப்போ எனக்குக் கிடைக்கிற கைச்செலவுக் காசு எல்லாம். இந்தக் கோடையில, வைகாசி முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிக்கிற நேரமாப் பார்த்து, அதோட ஏசி கம்ப்ரசர் இறுகிப் போச்சு. "இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறத எல்லாம் நீ படிச்சுச் சொல்லு, கூட வாடா மாப்ள"ன்னு கூட்டிட்டுப் போயிட்டார். அடுத்த நாலு நாள் நான் காலேஜ் பக்கமே வராததுக்குக் காரணம் அதுதான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. எங்க ஊர்ல டூரிஸ்ட் காருக்கு முக்கிய வருமானம் திருச்சி ஏர்போர்ட் டிரிப். சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத்னு வீட்டுக்கு ஒருத்தர் வெளியே இருக்கிற மாவட்டம் இது. ஒருத்தர் ஊருக்கு வர்றார்னா அவரைக் கூப்பிட ஆறு பேர் போவாங்க; திரும்பும்போது ஏழு பேர், நாலு பெட்டி, ரெண்டு அட்டைப்பெட்டி. சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஏசி இல்லாம, கீரனூர் தாண்டி வர்றதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அடுத்த தடவை அந்தக் குடும்பம் வேற வண்டியைத்தான் கூப்பிடும். கல்யாண வண்டின்னா சுத்தம், பட்டுப்புடவைக்காரங்க ஏசி இல்லாத காரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. மாமாவுக்கு இந்தப் பாகம் இல்லாம ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதல் நாளே மூணு வழி சொன்னாங்க. புது கம்ப்ரசர் 21,000 ரூபாய். பிரிச்சு உள்பாகம் மாத்தின ரீகண்டிஷன் ஐட்டம் 9,000. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய வண்டியில கழட்டினது வரவழைச்சா, லாரி சர்வீஸ் செலவோட சேர்த்து 5,500. மாமாவோட கண்ணு நேரா மூணாவதுக்குத்தான் போச்சு. யாரைக் குத்தம் சொல்றது, சீட்டுப் பணம் எடுக்க இன்னும் மூணு மாசம் இருந்துச்சு.

ஆனா மெக்கானிக் அண்ணன் விலையைப் பத்திப் பேசவே இல்லை. குவைத்ல பதினோரு வருஷம் கார் ஏசி வேலை மட்டுமே பார்த்துட்டு ஊர் திரும்பினவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இது ஏன் செத்துச்சு?"

மாமா முழிச்சார். "பழசாயிருச்சு தம்பி, ஒன்பது வருஷ வண்டி."

"வயசாகிச் சாகாதுண்ணே. எண்ணெய் இல்லாமத்தான் சாகும்."

கம்ப்ரசரைக் கழட்டி, ஒரு மெடிக்கல் ஷாப் அளவுக் குவளையில கவிழ்த்துப் பிடிச்சு, தண்டைக் கையால கஷ்டப்பட்டுத் திருப்பித் திருப்பி, உள்ளே இருந்த ஆயிலை வடிச்சார். வந்தது 25 மில்லி. நிறம் ரெட்டைச் சுழி போடுற பேனா மை மாதிரி கறுப்பு. விரல்ல தொட்டுத் தேய்ச்சா வெள்ளி ஜரிகை மாதிரி மினுமினுன்னு அலுமினியத் தூள். நல்ல நிலையில இருந்தா இது கிட்டத்தட்ட நிறமே இல்லாம, வெளுத்த தேன் மாதிரி இருக்கணுமாம்.

இங்கதான் எனக்கு முதல் ஆச்சரியம். இன்ஜின் ஆயில் மாதிரி இதுக்குத் தனியா ஒரு தொட்டி, அளந்து பார்க்க ஒரு டிப்ஸ்டிக், எதுவும் கிடையாது. சின்னக் காரோட ஏசிக்குள்ளே மொத்தமே ஒரு டீ கிளாஸ் அளவு ஆயில்தான். அது கம்ப்ரசர்ல மட்டும் இருக்காது. கேஸோட கலந்து, முன்னாடி ரேடியேட்டர் பக்கத்துல இருக்கிற கன்டன்சர், அங்கேயிருந்து எக்ஸ்பான்ஷன் வால்வு, டேஷ்போர்டுக்குள்ளே இருக்கிற கூலிங் காயில்னு ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேரணும். டவுன் பஸ் மாதிரி. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வராத பஸ் இருந்தா அடுத்த டிரிப் எப்படிப் போகும்?

ஆக, ஆயில் தேர்ந்தெடுக்கிறதுல வழுவழுப்பு மட்டும் போதாது. அந்தக் கேஸோட கரைஞ்சு கூடவே ஊர் சுத்தித் திரும்பி வர்ற குணமும் வேணும். ஆர்-12 காலத்து வண்டிகளுக்கு மினரல் ஆயில் போட்டாங்க, ஏன்னா ஆர்-12-ல அது நல்லாக் கரையும். அடுத்து வந்த ஆர்-134ஏ கேஸ்ல மினரல் ஆயில் கரையறதே இல்லை. கேஸ் மட்டும் போயிட்டு வரும். ஆயில் போற வழியில குளிர்ந்த காயில்லயே படுத்துக்கும். கம்ப்ரசர் கொஞ்சம் கொஞ்சமாக் காய்ஞ்சு தேயும். அதனாலதான் ஆர்-134ஏ வண்டிகளுக்கு பாலி ஆல்கைலீன் கிளைக்கால், சுருக்கமா பிஏஜி, என்கிற செயற்கை ஆயில் வந்துச்சு. இன்னொரு விஷயமும் உண்டு. ஆர்-12-ல குளோரின் இருந்தது. அந்தக் குளோரின் உலோகத்து மேல ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் தேய்மானத்தைக் குறைச்சிட்டிருந்ததாம். அதே குளோரின்தான் மேலே போய் ஓசோனைத் தின்னது. கீழே இருந்தவரைக்கும் நல்லவன்!

மாமா வண்டி எப்படிக் காய்ஞ்சுது? கேட்டுக் கேட்டு வாங்கினதுல கதை வெளியே வந்துச்சு. மூணு வருஷமா சித்திரை பிறந்தா வெளியூர்ல ஒரு கடையில "கேஸ் அடிச்சு" விட்டுருவாங்களாம். கூலிங் வந்துரும், காசு கொடுத்துட்டு வந்துருவார். கேஸ் ஏன் குறையுதுன்னு அந்தக் கடைக்காரரும் பார்க்கலை. மூடின குழாய்க்குள்ளே சுத்துற கேஸ் வருஷா வருஷம் ஆவியாப் போக அது என்ன சாம்பிராணியா? எங்கேயோ கசிவு இருக்கு. கன்டன்சரோட ஓரத்துல எண்ணெய்ப் பிசுக்கா ஒரு திட்டு, அதுமேல எங்க ஊர் செம்மண் தூசி அப்பி அடை மாதிரி ஒட்டியிருந்துச்சு. கேஸ் வெளியே போகும்போது ஆயிலையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போகும். மூணு தடவையும் கேஸை நிரப்பினாங்க, ஆயிலை யாரும் நிரப்பலை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் ஓடுற வண்டிகளுக்கு உப்புக் காத்துல கன்டன்சர் இன்னும் சீக்கிரமே பொத்துப்போகும்னு அண்ணன் சொன்னார். மாமாவுக்குக் கடற்கரைப் பக்கம் மாசத்துக்கு நாலு டிரிப்பாவது உண்டு.

இதுக்கு அப்புறம்தான் பெரிய இடி. "கம்ப்ரசர் மட்டும் மாத்தினா பத்தாதுண்ணே. கன்டன்சரும் போடணும்." இன்னொரு 7,000.

மாமா முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் கேட்டேன், பெட்ரோல் விட்டு அலசிற முடியாதான்னு. அண்ணன் பழைய கன்டன்சரோட ஓரத்தை அறுத்தே காமிச்சார். இப்போ வர்ற கன்டன்சர்கள்ல ஒரே குழாய் வளைஞ்சு வளைஞ்சு போறதில்லை. தட்டையான பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்குள்ளேயும் ஊசி நுழையிற அளவு துவாரங்கள் பக்கத்துப் பக்கத்துல. அலசுற திரவம் அடைக்காத வழியில சுலபமாப் போயிரும், அடைச்ச வழி அடைச்சபடியே இருக்கும். புது கம்ப்ரசரை மாட்டி ஓட்ட ஆரம்பிச்சதும் அந்த அலுமினியத் தூள் மெதுவா வெளியே வந்து அதையும் அரைக்கும். டிரையர்னு ஒண்ணு, ஈரத்தை உறிஞ்சுற உருண்டைகள் போட்ட பை, அதையும் புதுசு போட்டே ஆகணும். குழாயைத் திறந்தாலே டிரையரை மாத்தணுங்கிறது இந்தத் தொழிலோட பால பாடம். அது பில்லுல இல்லைன்னா புது கம்ப்ரசருக்கு வாரண்டி கேட்டுப் போனாலும் பொதுவாத் தரமாட்டாங்க. இந்த வாரண்டி சமாச்சாரத்தை அட்டைப்பெட்டிக்குள்ளே இருந்த பொடி எழுத்துல படிச்சுச் சொன்னது அடியேன்.

அன்னிக்கு ராத்திரி மாமா வீட்டுத் திண்ணையில கணக்குப் போட்டோம். புதுப்பேட்டை கம்ப்ரசர்னா, அது எத்தனை நாள் வாய் திறந்து கிடந்துச்சு, உள்ளே எந்த ஆயில், அந்த வண்டி ஏன் உடைப்புக்குப் போச்சு, எதுவுமே தெரியாது. ஓடினா லாபம். ஓடலைன்னா மறுபடி கழட்டு கூலி, மறுபடி கேஸ், மறுபடி டிரையர், அதைவிட மேல, முகூர்த்த நாள்ல வண்டி ஷெட்ல. வகுப்புல வாய்ப்புச் செலவுன்னு சார் எழுதிப் போடும்போது தூக்கம் வந்துச்சு, அன்னிக்கு வரலை. அத்தை உள்ளேயிருந்து ஒரு நகைப்பையைக் கொண்டுவந்து எங்க முன்னால வச்சுட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாங்க. புது கம்ப்ரசர், புது கன்டன்சர்னு முடிவாச்சு.

சரி, இப்போ தலைப்புக்கு வருவோம். மறுநாள் ஆயில் வாங்கக் கடைக்குப் போனா, கவுண்டர்ல இருந்தவர் மூணு பாட்டிலை எடுத்து வச்சார். பிஏஜி 46, பிஏஜி 100, எல்லா வண்டிக்கும் ஆகும்னு போட்ட ஒண்ணு. "நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியானது போடுங்க, 100 எடுத்துக்குங்க"ன்னார். நல்ல மனுஷன், அக்கறையாத்தான் சொன்னார். மாமாவும் தலையாட்டினார். 46-ஐ விட 100 பெருசு இல்லையா!

அந்த எண்கள் தரமோ மார்க்கோ இல்லை. 40 டிகிரி செல்சியஸ்ல அந்த ஆயில் எவ்வளவு மெதுவா வழியுதுங்கிற அளவு, ஐஎஸ்ஓ பிசுக்குமை எண். 46 தண்ணியா ஓடும், 100 கொஞ்சம் கெட்டி, 150 இன்னும் கெட்டி. எது வேணும்னு முடிவு பண்றது கம்ப்ரசரோட உள்ளமைப்பு. எத்தனை மைக்ரான் இடைவெளி, பிஸ்டனா, சுருளா, தேவைக்கேத்த மாதிரி தள்ளுற அளவைக் குறைச்சுக் கூட்டிக்கிற வகையா, இதெல்லாம் பார்த்து அதைச் செஞ்சவங்க சொல்லியிருப்பாங்க. மாறும் அளவு கம்ப்ரசர்ல ஒரு சின்னக் கட்டுப்பாட்டு வால்வு இருக்கு. கெட்டி ஆயில் போட்டா அது சரியா நகராது. வெளியே எத்தனை டிகிரி வெயில்ங்கிறதுக்கும் நாம எண்ணை மாத்துறதுக்கும் சம்பந்தமே இல்லை.

அண்ணன்கிட்ட வெயில் வாதத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டார். "தம்பி, குவைத்ல 2016 ஜூலையில மித்ரிபாங்கிற இடத்துல 53.9 டிகிரி அடிச்சுது. அன்னிக்கும் அதே வண்டிக்கு அதே 46-தான் ஊத்தினேன். உங்க புதுக்கோட்டை அதைவிடச் சூடா?" (அவரும் புதுக்கோட்டைதான். ஆனா பேச்சு குவைத் பக்கம் போனா "உங்க" ஊர் ஆயிடும்.)

எந்த ஆயில்னு தேட எங்கேயும் போக வேண்டாம். பானட்டைத் தூக்கினா உள்பக்கமோ ரேடியேட்டர் சட்டத்து மேலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸ் வகை, எத்தனை கிராம், பல வண்டியில ஆயில் பேரும். இல்லைன்னா கம்ப்ரசர் மேலேயே லேபிள். டென்சோ தயாரிப்புகள்ல என்டி-ஆயில் 8-னு போட்டிருந்தா அது ஆர்-134ஏ-க்கான பிஏஜி. என்டி-ஆயில் 12 போட்டிருந்தா புது கேஸ் ஆர்-1234ஒய்எஃப்-க்கானது. நம்ம நாட்டுல சுப்ரோஸ்னு ஒரு கம்பெனி 1985-ல் டென்சோ, சுசுகி கூட்டோட தொடங்கினது, பல இந்தியக் கார்களுக்கு ஏசி செஞ்சு கொடுக்குது. மாமா வண்டியில ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு போயிருந்தாலும் கம்ப்ரசர் லேபிள்ல பிஏஜி 46-னு தெளிவா இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஆகும்ங்கிற பாட்டிலைப் பத்தி என் கருத்து: எல்லாத்துக்கும் ஆகும்னு எழுதினது பாட்டில் கம்பெனி, வாரண்டி கொடுக்கிறது கம்ப்ரசர் கம்பெனி. ரெண்டாவது ஆள் சொல்றதைக் கேட்கிறது புத்திசாலித்தனம்.

பாட்டில் சைஸ்லயும் விஷயம் இருக்கு. பிஏஜி ஆயிலுக்கு ஈரம்னா அவ்வளவு ஆசை. மூடி திறந்து வச்சா காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிட்டே இருக்கும், மழைக்காலத்து அப்பளம் மாதிரி. அந்த ஈரம் உள்ளே போனா எக்ஸ்பான்ஷன் வால்வு வாயில ஐஸ் ஆகி அடைக்கும். சூட்டுல ஆயிலோடயும் கேஸோடயும் சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும். அதனால லிட்டர் டப்பாவுல மலிவா வாங்கி வருஷம் பூரா வச்சு ஊத்தறது தப்புக் கணக்கு. சின்ன பாட்டில், சீல் உடைக்காதது, அன்னிக்கு மிச்சம் இருந்தா அன்னியோட சரி. புது கம்ப்ரசரோட குழாய் வாய்ல இருக்கிற பிளாஸ்டிக் மூடியையும் மாட்டுற நிமிஷத்துலதான் அண்ணன் கழட்டினார். மூடியை எடுத்ததும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம். உள்ளே நைட்ரஜன் அடைச்சு அனுப்பறாங்களாம், ஈரக் காத்து புகாம இருக்க.

அடுத்தது அளவு. வாங்கின பாட்டில்ல பாதிக்கு மேல திறக்கவே இல்லைன்னா நம்புவீங்களா? இந்த வண்டிக்கு மொத்த ஆயில் 120 மில்லி. புது கம்ப்ரசருக்குள்ளே முழு 120 மில்லியும் ஊத்தித்தான் வருது, காரணம் அது ஒரு முழு ஏசிக்கும் சேர்த்து. சாதாரணமா கம்ப்ரசர் மட்டும் மாத்தும்போது, காயில்லயும் கன்டன்சர்லயும் பழைய ஆயில் மிச்சம் இருக்கும். அப்போ பழைய கம்ப்ரசர்ல எத்தனை மில்லி வடிஞ்சுதோ கிட்டத்தட்ட அத்தனையை மட்டும் புதுசுல விட்டுட்டு மிச்சத்தை வெளியே எடுக்கணும். இல்லைன்னா ஆயில் கூடிப்போய், குழாய் உள்சுவர் எல்லாம் பூசிக்கிட்டு கூலிங் குறையும், கம்ப்ரசர் திரவத்தை அமுக்கப் பார்த்து அடி வாங்கும். மாமா வண்டியில கன்டன்சர் புதுசு, டிரையர் புதுசு, காயிலும் குழாய்களும் அலசிக் காய வச்சது. உள்ளே பழைய ஆயில் அறவே இல்லை. ஆக உள்ளே இருக்கிற 120 மில்லி அப்படியே போதும். பாட்டில் ஆயில் ஓ-ரிங் எல்லாத்துக்கும் தடவ மட்டும்தான். கணக்குப் பதிவியல் மாதிரிதான் இதுவும், ஆரம்ப இருப்பு என்னன்னு தெரியாம பற்று வைக்கக் கூடாது.

மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணிட மாட்டாங்க. முன்னாடி முகத்தைப் பிடிச்சு கையாலேயே பத்துத் தடவை சுத்திவிட்டார். ஆயில் எல்லாம் ஒரே பக்கம் தேங்கியிருந்தா முதல் சுத்துலேயே வால்வு தகடு உடையும் அபாயம். அப்புறம் வேக்யூம் பம்ப். இது வெறுமனே காத்தை எடுக்கறதுன்னு நினைச்சேன். இல்லை, உள்ளே ஒட்டியிருக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கிறாங்க! அழுத்தம் குறையக் குறையத் தண்ணி குறைஞ்ச சூட்டுலேயே கொதிக்கும். 38 டிகிரியில பாதரசமானி சுமார் 50 மில்லிமீட்டருக்கு இறங்கினாலே தண்ணி ஆவியாயிரும். மேட்டுப்பாளையமோ ஊட்டியோ இல்லை, நம்ம ஊர் மத்தியான வெயில்ல நிறுத்தின வண்டிக்கு இந்த வேலை இன்னும் சுளுவு. புதுக்கோட்டை வெயில் உருப்படியா ஒரு உதவி பண்ணி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. முக்கால் மணி நேரம் ஓட விட்டு, பம்பை நிறுத்தி, முள் ஏறுதான்னு இன்னொரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தோம். ஏறலை. கசிவு இல்லை. அப்புறம்தான் கேஸ், அதுவும் தராசுல வச்சு 450 கிராம்.

கேஸ் சிலிண்டர் மேல அண்ணனுக்கு ஒரு சந்தேகக் கண் உண்டு. ரொம்ப மலிவா வர்றதைத் தொடமாட்டார். அவர் சொன்ன காரணத்தை வந்து தேடிப் படிச்சேன், நிஜம்தான். 2011-ல் சில குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடிச்சு ஆட்கள் செத்தாங்க. வியட்நாம்ல ஆர்-134ஏ-ன்னு சொல்லி அடைச்ச போலி கேஸ்ல மெத்தில் குளோரைடு கலந்திருந்துச்சு. அது கம்ப்ரசரோட அலுமினியத்தோட சேர்ந்து, காத்து பட்டாலே தீப்பிடிக்கிற ஒரு பொருளா மாறி உள்ளே உக்கார்ந்திருந்தது. நூறு இருநூறு மிச்சம் பண்றதுக்காக நாம முகத்துக்கு ஒரு அடி தூரத்துல வச்சு அடிக்கிற கேஸ் அது. அதை நினைச்சா சும்மா இருக்க முடியலை.

கொஞ்சம் பழங்கதை. 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனிதான் முதல்ல கார்ல ஏசியைத் தொழிற்சாலையிலேயே வச்சு வித்துச்சு. காயில் பின்சீட்டுக்குப் பின்னால, டிக்கியோட பாதி இடத்தை முழுங்கிட்டு இருந்துச்சாம். கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும்னு தோணினா வண்டியை நிறுத்தி, பானட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழட்டி வைக்கணும்! ரெண்டு வருஷத்துல கைவிட்டுட்டாங்க, ஆச்சரியமே இல்லை. அந்த ஆர்-12 கேஸைக் கொண்டு வந்த குழுவோட தலைவர் தாமஸ் மிட்ஜ்லி. பெட்ரோல்ல ஈயம் கலக்கலாம்னு கண்டுபிடிச்சவரும் அவரேதான். ஒரே மனுஷன், ரெண்டு வரம், ரெண்டுமே சாபமா முடிஞ்சுது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் இந்த வாயுக்கள் ஓசோனை அழிக்கும்னு எழுதினாங்க. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1992-ல் இந்தியா சேர்ந்தது. 1995-ல் அவங்களுக்கும் குருட்சனுக்கும் நோபல். 2008 ஆகஸ்ட்ல இந்தியா இந்த வகை வாயுத் தயாரிப்பை நிறுத்துச்சு. கனடாவுல போட்ட ஒரு கையெழுத்து, நம்ம திருச்சி ரோட்டு ஷெட் வரைக்கும் வந்து, மினரல் ஆயில் டப்பாவை எடுத்துட்டு பிஏஜி பாட்டிலை வச்சுட்டுப் போயிருக்கு.

இப்போ ஆர்-134ஏ-வுக்கும் நாள் எண்ணிட்டு இருக்காங்க. ஓசோனுக்கு அது கெடுதல் இல்லை, ஆனா பூமியைச் சூடாக்கறதுல கார்பன் டை ஆக்சைடை விட 1,430 மடங்கு (ஐபிசிசி-யோட 2007 அறிக்கைக் கணக்கு). ஐரோப்பாவில் 2017-லிருந்து புதுக் கார்ல போட முடியாது. 2016-ல் போட்ட கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏத்துக்கிச்சு. மாமா வண்டியோட 450 கிராமை வெளியே விட்டா அது 643 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 2.68 கிலோ. அப்போ 240 லிட்டர் டீசல். லிட்டருக்கு 18 கிலோமீட்டர்னா 4,320 கிலோமீட்டர், புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு அஞ்சு தடவை போய்த் திரும்பின புகை, ஒரு வால்வைத் திருப்பற நேரத்துல! கேஸைத் திரும்ப எடுத்துச் சேமிக்கிற மெஷின் இருக்கு, விலை சின்னக் கடைகளுக்குக் கட்டுப்படி ஆகலை. அண்ணன் ஷெட்லயும் இல்லை. குவைத்ல இருந்துச்சாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்குச்சு.

நம்ம துறைக்காக ஒரு பத்தி. கம்ப்ரசர் மாத்தின செலவு மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா? ஒன்பது வருஷ வண்டிக்கு 28,000 ரூபாய்க்கு மேல போட்டதால மாமா இது புதுச் சொத்துங்கிறார். நான் ஒத்துக்கலை. வண்டி முன்னாடி செஞ்ச வேலையையே மறுபடி செய்யுது, அவ்வளவுதான். வருமான வரிச் சட்டத்துல "நடப்புப் பழுதுபார்ப்பு"ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு நம்ம தமிழ்நாட்டு மில்லு வழக்குகளே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 1967-ல் மகாலட்சுமி டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்குல நூற்பு இயந்திரத்தோட பாகங்களை மாத்தினது பழுதுபார்ப்புன்னு தீர்ப்பு. 2007-ல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல ரிங் ஃபிரேமையே முழுசா மாத்தினது பழுதுபார்ப்பு ஆகாது, அது தனி இயந்திரம்னு தீர்ப்பு. கம்ப்ரசர் தனியா ரோட்ல ஓடாது. ஆகவே வருவாய்ச் செலவு. இதுல யாருக்காவது மறுப்பு இருந்தா செமஸ்டருக்கு முன்னாடி சொல்லிருங்கப்பா.

கிளம்பும்போது மாமா ஒரு கேள்வி கேட்டார். அடுத்த வண்டி எலக்ட்ரிக்கா எடுக்கலாமான்னு ஒரு யோசனை, அதுக்கும் இதே ஆயில்தானேன்னு. அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே வச்சுட்டார். எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகள்ல பெல்ட் கிடையாது, மோட்டார் கம்ப்ரசருக்குள்ளேயே இருக்கு. நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுற அந்தச் சுருள் ஆயில்லயும் கேஸ்லயும் நனைஞ்சுட்டே இருக்கும். அதனால மின்சாரத்தைக் கடத்தாத பாலியால் எஸ்டர், பிஓஇ ஆயில்தான் பொதுவா அதுக்கு. டென்சோவுல என்டி-ஆயில் 11. கொஞ்சம் பிஏஜி கலந்தாலே மின்காப்பு குறையும், வண்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டுட்டு நின்னுரும், நேரம் சரியில்லைன்னா தொட்டவனுக்கு ஷாக். பெட்ரோல் வண்டிக்குக் கேஸ் அடிச்ச அதே ஹோஸ்ல ஒட்டியிருக்கிற பிஏஜி கூட அதுக்குள்ளே போகக் கூடாதாம். "அந்த வண்டி எடுத்தா சொல்லுங்கண்ணே, தனி ஹோஸ் செட்டு வாங்கி வச்சுக்கிறேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க"ன்னார்.

வைகாசி முழுக்க வண்டி ஓடுச்சு. அத்தையோட வளையல் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு, ஆவணி முகூர்த்தத்துக்குள்ளே மீட்டுரலாம்னு மாமா சொல்றார்.

பி.கு: அந்தக் கேஸ் மீட்பு மெஷினை நாலஞ்சு ஷெட்டுக்காரங்க சேர்ந்து பங்கு போட்டு வாங்கி, வாடகைக் கணக்கு வச்சு முறை போட்டு உபயோகிக்க முடியுமான்னு ஒரு கணக்கு போட்டுட்டு இருக்கேன். அண்ணனுக்கு சம்மதம், இன்னும் ரெண்டு பேர் யோசிக்கிறாங்க. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் யாராவது இப்படிக் கூட்டா வாங்கி நடத்தறது தெரிஞ்சா, எப்படிப் பிரிச்சுக்கிறாங்கன்னு எனக்கு எழுதுங்க.